பன்வில ஏற்றத்தில் சின்னச் சக்கரம்

குண்டசாலை,
20 ஜனவரி 1980

புஷ்பத்துக்கு,

உன் புத்தாண்டு அட்டை வந்தது. உள்ளே இருந்த நான்கு வரியும் அச்சடித்தவை. கீழே இருந்த பெயர் மட்டும் உன் கையெழுத்து. அட்டை செய்கிற கம்பனிக்கும் எனக்கும் பழக்கமில்லை. அடுத்த முறை வெறும் தாளில் இரண்டு வரி எழுதினால் போதும்.

இது ஒரு தகவலுக்காக எழுதுகிற கடிதம். அப்பாவின் காரை விற்கப் போகிறேன். கண்டியில் துணிக்கடை வைத்திருக்கும் ஜவாஹிர் கேட்டிருக்கிறார்.

மடுல்கெல்லவில் இருக்கும் நம் கடைக்கு வெள்ளிக்கிழமைதோறும் நானே சாமான் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்பது உனக்குத் தெரியும். அப்பா காலமானதும் கடையை மூடிவிடுவேன் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்தார்கள். நான் மூடவில்லை. ஆனால் கார் என் பேச்சைக் கேட்பதில்லை. பன்வில தாண்டியதும் வரும் ஏற்றத்தில் போன வெள்ளிக்கிழமை கரும்புகையைக் கக்கிவிட்டு நின்றேவிட்டது. கடையைப் பார்த்துக்கொள்ளும் செல்லச்சாமி செய்தி கேட்டு மேலேயிருந்து இறங்கி வந்து, பருப்பு மூட்டைகளை ரோட்டோரம் இறக்கிவைத்துக் காவல் நின்றார். அந்த வழியாக வந்த தோட்டத்து டிரக்டர்காரர், "கயிறு போட்டு இழுத்துக்கிட்டுப் போகட்டுங்களாம்மா?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். வேண்டாம் என்றேன். உன் அப்பாவின் பெயரை இழுத்து, செல்லப்பா முதலாளியின் கார் கயிற்றில் வந்தது என்று மடுல்கெல்லக் கடைத்தெரு பேச நான் இடம் கொடுப்பதாக இல்லை. ஏற முடியாத வண்டியை வைத்துக்கொண்டு அழகு பார்ப்பதாகவும் இல்லை.

இன்னொரு தகவல். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உனக்குப் பாடம் எடுத்தவர் இப்போது துறைத் தலைவர். ரயில் நிலையத்தில் கண்டேன். பொறியியல் பீடத்தில் ஒரு விரிவுரையாளர் இடத்தை ஒக்டோபர் வரை உனக்காக வைத்திருப்பதாகச் சொன்னார். இரண்டு வருடப் பயிற்சி என்று சொல்லிவிட்டுப் போனவள் நீ. இது மூன்றாவது வருடம்.

தகவலைச் சொன்னேன். அவ்வளவுதான்.

அம்மா


லீட்ஸ்,
3 பெப்ரவரி 1980

அன்புள்ள அம்மாவுக்கு,

வெறும் தாள்தான். உங்களுக்குப் பிடிக்கும் அகலத்துக்கு ஓரம் விட்டிருக்கிறேன்.

காரை விற்க வேண்டாம் அம்மா. அப்பாவின் நினைவுக்காகச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நீங்கள் அடுத்த நாளே விற்றுவிடுவீர்கள். அந்த எஞ்சினில் பழுது இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். அதற்கு மூச்சு முட்டுகிறது.

டீசலை எரிக்கக் காற்று வேண்டும். மலையில் ஏற ஏறக் காற்று மெலிந்துகொண்டே போகும். மூட்டைப் பாரத்தோடு நீங்கள் மிதிக்கும்போது டீசல் உள்ளே போகிறது, அதை எரிக்கப் போதுமான காற்று போவதில்லை. நீங்கள் பார்த்த கரும்புகை அதுதான். நான் இங்கே என்ன செய்கிறேன் என்று நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. இதற்குத்தான் வழி செய்கிறேன்.

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை சூடாகவும் வேகமாகவும் போய் வீணாகிறது. அதன் வழியில் ஒரு சின்னச் சக்கரத்தை வைக்கிறோம். புகை அதைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் இருக்கிறது. அது வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். இதற்குப் பெயர் டர்போ. யோசனை புதிதல்ல, நீங்கள் பிறக்கும் முன்பே ஒரு சுவிஸ்காரர் பதிவு செய்துவைத்தது. கப்பலில் வைத்தார்கள், உயரே பறக்கும் விமானத்தில் வைத்தார்கள், லொறியில் வைத்தார்கள். காரில்தான் பொருந்தி வரவில்லை. அமெரிக்காவில் அறுபதுகளில் முயன்று சில வருடங்களில் கைவிட்டார்கள். பிறகு ஜேர்மன்காரர் முயன்றார்கள். மிதித்தால் ஒரு கணம் ஒன்றும் நடக்காது, பிறகு திடீரென்று பாயும். வளைவின் நடுவில் பாய்ந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சுவீடன்காரர் சக்கரத்தைச் சிறிதாக்கினார்கள். சிறிய சக்கரம் சீக்கிரம் சுழலத் தொடங்கும். மிஞ்சுகிற புகையை ஒரு சின்னக் கதவு திறந்து வெளியே விட்டுவிடும். எங்கள் பிரிவு அதைவிடச் சிறிய சக்கரத்தைச் சாதாரண டீசல் காருக்குச் செய்து பார்க்கிறது. அந்தச் சக்கரத்தின் இதழ்களை வரைந்தது நான்.

ஒன்றைப் பெட்டியில் போட்டுக் கப்பலில் அனுப்புகிறேன். கட்டுகஸ்தோட்டையில் கராஜ் வைத்திருக்கும் பளீல் பொருத்திவிடுவார். படங்களும் குறிப்புத்தாளும் உள்ளே இருக்கும். ஜவாஹிரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

பேராதனைத் தகவல் கிடைத்தது. அதற்கு இப்போது என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை.

புஷ்பம்


குண்டசாலை,
18 மே 1980

புஷ்பத்துக்கு,

பெட்டி வந்தது. துறைமுகத்தில் அதைத் திறந்து பார்த்தவர்களுக்கு அது என்னவென்று விளங்காததால் பல வாரம் அங்கேயே கிடந்திருக்கிறது.

பளீலின் கராஜுக்குக் கொண்டுபோனேன். அவருடைய தாயார் ஆஸியா உம்மா வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். பெட்டியிலிருந்து எடுத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதென்ன மகள், எறச்சி அரைக்கிற மெசினா? இதுக்குத்தானா புள்ள சீமைக்குப் போய்ப் படிச்சது?" என்று கேட்டார். பார்வைக்கு அப்படித்தான் இருக்கிறது.

பளீல் நல்ல வேலைக்காரர். உன் படத்தில் ஒயில் குழாய் போகும் இடத்தில் நம் காரில் ஸ்டியரிங் தண்டு குறுக்கே நிற்கிறது. அவர் குழாயை வளைத்து வேறு வழியாகக் கொண்டுபோனார். அடுத்த படத்தில் திருத்திக்கொள். உன் குறிப்புத்தாளில் இரண்டு இடத்தில் வாக்கியம் முடியாமல் நிற்கிறது.

நேற்று முன்தினம் ஏறினேன். அரிசி, பருப்பு, தேங்காயெண்ணெய், பின் இருக்கையில் துணி மூட்டை. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

சமதரையில் வித்தியாசமில்லை. வத்தேகம தாண்டிய சிறு ஏற்றத்தில் மெல்லிய விசில் சத்தம் ஒன்று கேட்டது. முதலில் காதுக்கோளாறு என்று நினைத்தேன். பன்வில ஏற்றத்தில் மிதித்ததும் உடனே ஒன்றும் நடக்கவில்லை. கூப்பிட்டால் கையிலிருக்கும் புத்தகத்தில் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு எழுந்து வருகிற பிள்ளையை எனக்குத் தெரியும், அதுபோல இருந்தது. பிறகு வந்தது. ஜனவரியில் நின்ற இடத்தைக் கார் தாண்டியது எனக்குத் தெரியவே இல்லை. அடுத்த வளைவில் ஒரு பஸ் முனகிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தது. ஹோர்ன் அடித்து முந்தினேன். சாரதி தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். நான் பார்க்கவில்லை.

புகை பெருமளவு குறைந்திருக்கிறது. அந்த ஒரு கணத் தாமதம் குறை. அதைக் குறையென்றே எழுதுகிறேன்.

ஜவாஹிரிடம் கார் விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அம்மா


லீட்ஸ்,
1 ஜூன் 1980

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதிச் சோதனைக்கூடத்தில் படித்துக் காட்டினேன். புத்தகப் பிள்ளை வந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பிள்ளை யார் என்று நான் சொல்லவில்லை. ஒயில் குழாய் விஷயத்தில் யாரும் சிரிக்கவில்லை, படத்தைத் திருத்தியாயிற்று. என் தலைமை எஞ்சினியர் இரண்டு முறை வாங்கிப் படித்துவிட்டு, "இவர் எங்கே வேலை பார்த்தவர்?" என்று கேட்டார். பெருமையாக இருந்தது அம்மா.

இப்போது ஒரு விஷயத்தை மறைக்காமல் எழுத வேண்டும். எங்கள் சின்னச் சக்கரத்தை மூன்று கார்களில் போட்டு ஓட்டிப் பார்க்கிறார்கள். மூன்றும் இந்த நாட்டில், குளிரில். சூடும் ஏற்றமும் உயரமும் பாரமும் ஒன்றாகச் சேர்ந்த பாதை எங்களிடம் இல்லை. உங்கள் காரை நான்காவதாகச் சேர்த்துக்கொண்டார்கள். செப்டெம்பர் நடுவில் குழு கூடி முடிவெடுக்கும். நன்றாக ஓடியிருந்தால் உற்பத்திக்குப் போகும். நான் குறைந்தது இரண்டு வருடம் இங்கே இருக்க வேண்டும். பழுதானால் பிரிவையே மூடிவிடுவார்கள். மூடினால் ஒக்டோபரில் பேராதனைக்கு வந்துவிடுவேன்.

இதைத் தெரியாமல் நீங்கள் எழுதக் கூடாது என்றுதான் சொல்கிறேன். தெரிந்த பிறகும் உள்ளபடியே எழுதுங்கள்.

புஷ்பம்


குண்டசாலை,
29 ஜூன் 1980

புஷ்பத்துக்கு,

உள்ளபடி எழுதச் சொல்லி எனக்கு நீ சொல்ல வேண்டியதில்லை.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஏறுகிறேன். மழை பிடித்துவிட்டது. பாதையில் மண் சரிந்து ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கிறது. நின்று நின்று போக வேண்டும். நின்ற இடத்திலிருந்து பாரத்தோடு எடுக்கும்போதும் கார் திணறவில்லை. அந்தத் தாமதத்துக்கு நான் பழகிக்கொண்டேன். வளைவு வருவதற்குச் சற்று முன்பே மிதித்துவிடுகிறேன். வளைந்து முடியும்போது சக்தி வந்து காத்திருக்கிறது. இதை உன் குறிப்புத்தாளில் சேர்க்கலாம்.

டீசலும் குறைவாகச் செலவாகிறது. விசில் சத்தத்தைக் கேட்டதும் மடுல்கெல்லக் கடைத்தெருவில், "அம்மா வர்றாங்க" என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்களாம். செல்லச்சாமி சொன்னார். எனக்கு அது பிடித்திருக்கிறது என்று அவருக்குக் காட்டிக்கொள்ளவில்லை.

பேராதனைத் துறைத் தலைவர் மறுபடி விசாரித்தார். மகள் யோசிக்கிறாள் என்றேன்.

இதுவரை நன்றாக ஓடுகிறது. நான் என்ன எழுதுகிறேன் என்பது எனக்குத் தெரியும்.

அம்மா


குண்டசாலை,
4 ஓகஸ்ட் 1980

அன்பு மகள் புஷ்பத்துக்கு,

உன் சக்கரம் நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை ஏற்றத்தின் பாதியில் விசில் சத்தம் மாறியது. தகரத்தை நகத்தால் கீறுவது போல் ஒரு சத்தம், பிறகு நீலப் புகை, பிறகு ஒன்றுமில்லை. எஞ்சின் ஓடியது, பலம் போய்விட்டது. ரோட்டோரம் நிறுத்தி மழைக்குள் உட்கார்ந்திருந்தேன். அதே டிரக்டர்காரர் வந்தார். இந்த முறை அவர் கேட்கவில்லை. நானே கண்ணாடியை இறக்கி, "கயிறு இருக்கிறதா?" என்று கேட்டேன்.

கடைத்தெரு முழுக்கப் பார்த்தது. பார்க்கட்டும்.

பளீல் கழற்றினார். இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் தண்டு இறுகிப்போயிருந்தது. அதைச் சுற்றி அடுப்புக்கரி மாதிரி கறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒயில் சுத்தம், குழாயில் அடைப்பு இல்லை, எனக்கு விளங்கவில்லை மெடம் என்று கையை விரித்தார். உடைந்தவற்றைப் பொதி செய்து விமானத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

நீ மனம் உடையக் கூடாது. இத்தனை நாடுகளில் இத்தனை பேர் முயன்று கைவிட்டது என்று நீயே எழுதினாய். அவர்களில் ஒருத்தியாக இருப்பது அவமானமில்லை. பேராதனையில் எண்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று இதையெல்லாம் சொல்லிக் கொடுக்கலாம்.

உன் அறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன். யன்னல் பக்கத்து அலுமாரியை நகர்த்தினால் எழுதுகிற மேசைக்கு வெளிச்சம் வரும். மேசை செய்ய ஆள் வந்து அளவு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். சாம்பல் நிறம் பூசவா, வெளிர் பச்சையா என்று எழுது. பேராதனைக்குக் காலையில் நானே கொண்டுபோய் விடுகிறேன். பஸ்ஸில் நெரிபட வேண்டாம்.

அம்மா


லீட்ஸ்,
21 ஓகஸ்ட் 1980

அன்புள்ள அம்மாவுக்கு,

வெளிர் பச்சை.

மேசைக்கு அளவெடுத்தது வரை படித்து அழுதேன். மூன்று வருடத்தில் நீங்கள் இவ்வளவு நீளமாக என்னோடு பேசியதில்லை.

தண்டு இறுகிய செய்தியைத் தலைமை எஞ்சினியரிடம் சொல்லிவிட்டேன். மற்ற மூன்று கார்களும் ஓடுகின்றன; ஆனால் ஏன் என்று சொல்ல முடியாத பழுது ஒன்று இருந்தாலும் உற்பத்திக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். நியாயம்தான். என் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கத் தொடங்கினேன்.

உங்கள் பொதி நேற்று வந்தது. தண்டை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன். அந்தக் கரி, ஒயில் வெந்து காய்ந்த கரி. ஓடும்போது அப்படி வேகாது. புதிய ஒயில் வந்து சூட்டைக் கொண்டுபோய்க்கொண்டே இருக்கும். ஏற்றத்தில் சக்கரம் தணலாகச் சிவந்திருக்கும் நேரத்தில் எஞ்சினைத் திடீரென்று நிறுத்தினால் ஒயில் வருவதும் நிற்கும். உள்ளே தங்கிய ஒயில் அந்தச் சூட்டில் வேகும். ஒருமுறை செய்தால் ஒன்றுமில்லை. திரும்பத் திரும்பச் செய்தால் கரி படிந்து தண்டு இறுகும். எங்கள் சோதனைக்கூடத்தில் எஞ்சினை நிறுத்தும் முன் மெதுவாக ஓடவிட்டு ஆறவைப்பது வழக்கம். அது எங்களுக்குக் கை கழுவுவது போல. அதனால்தான் குறிப்புத்தாளில் அதை எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

ஒரே ஒரு கேள்வி அம்மா. பன்வில ஏற்றம் முடிகிற உச்சி வளைவில் பிள்ளையார் கோவில் இருக்கிறதே. சின்ன வயதில் அப்பா அங்கே காரை நிறுத்துவார், நான் இறங்கிக் கற்பூரம் கொளுத்துவேன். சாமிக்கு முன்னால் வண்டி உறுமக் கூடாது என்று அப்பா நின்ற உடனே எஞ்சினை அணைத்துவிடுவார். நீங்களும் இப்போது அங்கே நிறுத்துகிறீர்களா? அணைத்துவிட்டா இறங்குகிறீர்கள்?

குழு பதினைந்தாம் திகதி கூடுகிறது. நான் ஊகித்துச் சொன்னால் ஏற்க மாட்டார்கள். ஓட்டியவர் சொல்ல வேண்டும். நீங்கள் பதில் எழுதாவிட்டால் மறுபடி கேட்க மாட்டேன். காரணமும் கேட்க மாட்டேன். ஒக்டோபரில் வந்து அந்த மேசையில் உட்கார்ந்துகொள்வேன். அதுவும் எனக்குச் சந்தோஷம்தான். மனதார எழுதுகிறேன்.

புஷ்பம்


குண்டசாலை,
4 செப்டெம்பர் 1980

அன்பு மகளுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். கடிதமும் எழுத வேண்டியிருக்கிறது.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. பதில் எனக்கு அந்த நிமிடமே தெரியும். ஆனாலும் எழுதவில்லை. இந்த நாட்டில் ஒரு கடிதம் தவறிப்போவது அதிசயமில்லை. தபால்காரர் மீது பழி போட்டிருக்கலாம். நீ கேட்க மாட்டேன் என்று வேறு எழுதியிருந்தாய். மேசை வந்துவிட்டது, வெளிர் பச்சையில்; நீ அதைத்தான் சொல்வாய் என்று முன்பே பூசச் சொல்லியிருந்தேன். நன்றாகச் செய்திருக்கிறார்கள். அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு இரண்டு நாள் வீட்டுக்குள் நடந்தேன். பொய் எழுதக் கூடாது, சொல்லாமல் விடுவதும் பொய்தான் என்று கொன்வென்டில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அறுபத்தாறு வயதில் அதை மறந்துவிட்டால் யாருக்கு என்ன நட்டம் என்று யோசித்தேன்.

நேற்றுக் காலை பஸ்ஸில் ஏறி அந்தக் கோவிலுக்குப் போனேன். பூசாரி பழனியாண்டி விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார். கார் இல்லாமல் என்னைப் பார்த்ததில் அவருக்கு ஆச்சரியம். எஞ்சினை ஓடவிட்டபடி சாமிக்கு முன்னால் நின்றால் குற்றமா என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "நம்ம பிள்ளையாருக்குங்களாம்மா? பகல் பூரா லொறி உறுமிக்கிட்டுத்தான் போகுது. அவரு காதைப் பாருங்க, எம்புட்டுப் பெருசு. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு."

பிறகு பழைய ஞாபகம் வந்தவராக, "அணைக்கணும்னு பிடிவாதமா இருந்தது நம்ம முதலாளிங்க. பாப்பா எறங்கி நிக்கையில வண்டி உருண்டுடக் கூடாதுன்னு பயம். சாமிக்குன்னு சொன்னாத்தான் அம்மாவும் கேப்பாங்கன்னு சொல்லுவாரு" என்றார்.

இத்தனை வருடம் நான் பக்தியென்று நினைத்துச் செய்தது உன் அப்பாவின் பயம். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வரவில்லை. எனக்குச் சொன்னால் கேட்க மாட்டேன் என்று அவர் நினைத்திருக்கிறார். சரியாகத்தான் நினைத்திருக்கிறார்.

அங்கிருந்து நேரே கண்டிக்கு வந்து தந்தி அடித்தேன். "ஆம். ஒவ்வொரு வெள்ளியும் ஏற்றம் முடிந்த உடனே நிறுத்தி அணைத்தேன்." அதைக் குழுவுக்குக் காட்டு. கடிதமாக வேண்டுமென்றால் இதைக் காட்டு. பொருத்தியவர் மீதும் பிழையில்லை, வரைந்தவள் மீதும் பிழையில்லை.

உனக்கு மட்டும் ஒன்று. கயிற்றில் போனபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. மழையில் நனைந்துகொண்டு, ஊர் பார்க்க, கயிற்றில் போகிற கிழவிக்கு என்ன சந்தோஷம் என்று யாராவது என் முகத்தைப் பார்த்து நினைத்திருக்கலாம்.

அம்மா


லீட்ஸ்,
18 செப்டெம்பர் 1980

என் அம்மாவுக்கு,

குழு ஒப்புக்கொண்டது. உற்பத்திக்குப் போகிறது. இரண்டு வருடம்.

தலைமை எஞ்சினியர் உங்கள் தந்தியைப் படித்துவிட்டு, எஞ்சினை ஆறவைத்து நிறுத்த வேண்டும் என்பது குறிப்புத்தாளின் முதல் வரியாக, பெரிய எழுத்தில் வர வேண்டும் என்றார். கூட்டம் முடிந்து எல்லோரும் கை கொடுத்தார்கள். நான் நடைபாதையில் தனியாகப் போய் நின்றேன். ஜெயித்தவளுக்கு ஏன் கண் கலங்குகிறது என்று கேட்ட ஒருவருக்கு, ஊரிலிருந்து தந்தி வந்திருக்கிறது என்றேன். உண்மைதானே.

நீங்கள் எதை விட்டுக்கொடுத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். நன்றி என்று எழுதினால் உங்களுக்குக் கோபம் வரும். எழுதவில்லை.

புதிய தண்டும் சக்கரமும் விமானத்தில் வருகின்றன. பேராதனைக்கு எழுத வேண்டும். மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். எனக்குப் பாடம் சொல்லித் தந்த மனிதரிடம் வரமாட்டேன் என்று எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

புஷ்பம்


குண்டசாலை,
12 ஒக்டோபர் 1980

அன்பு மகளுக்கு,

நான்காவது தாளைக் கிழிக்காதே. பேராதனைக்கு நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

துறைத் தலைவர் கதிரையை இழுத்துப் போட்டார், தேநீர் வரவழைத்தார். அவருக்கு வருத்தம். அம்மா நீங்கள் சொன்னால் கேட்டு வந்துவிடுவாளே என்றார். கேட்பாள், அதனால்தான் சொல்லவில்லை என்றேன். என்ன வேலை அது என்று விசாரித்தார். புகை, சக்கரம், தண்டு, கதவு எல்லாவற்றையும் அவருடைய மேசையில் இருந்த தேநீர்க் கோப்பையையும் சாசரையும் வைத்து விளக்கினேன். அவருக்குத் தெரிந்த விஷயமாகத்தான் இருக்கும். ஆனாலும் கடைசி வரை குறுக்கிடாமல் கேட்டார். நல்ல மனிதர். எழுந்து வாசல் வரை வந்து வழியனுப்பினார். நீயும் அவருக்கு நாலு வரி எழுது. நன்றி சொல்லத் தாளைக் கிழிக்க வேண்டியிராது.

புதிய தண்டைப் பளீல் போன வாரம் பொருத்தினார். ஆஸியா உம்மா மெசின் மீது கை வைத்து ஓதி ஊதி அனுப்பினார். வெள்ளிக்கிழமை ஏறினேன். உச்சி வளைவில் கோவிலுக்கு எதிரே நிறுத்தி எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பழனியாண்டி வந்து யன்னலோரம் நின்று ஊர்க்கதை பேசினார். அவருடைய மருமகளுக்குப் பெண் பிறந்திருக்கிறது. ஒன்றும் செய்யாமல் ஒரு இடத்தில் உட்கார்ந்திருந்து எனக்குப் பழக்கமில்லை. நக்கிள்ஸ் மலைப் பக்கம் மேகம் விலகி, கீழே தேயிலை முழுவதும் வெளிச்சமாக இருந்தது. இத்தனை வருடம் அந்த இடத்தில் நின்று போயிருக்கிறேன், பார்த்ததில்லை. பிறகு அணைத்துவிட்டு இறங்கிக் கற்பூரம் கொளுத்தினேன், உன் பெயருக்கும்.

உன் அறையில் மேசையைப் போட்டாயிற்று. நான் கணக்கு எழுத அங்கே உட்கார்ந்துகொள்கிறேன். வெளிச்சம் நன்றாக வருகிறது.

எப்போது வருவாய் என்று கேட்கப் போவதில்லை. லீவு கிடைத்து வருவதானால் பெப்ரவரி அல்லது மார்ச்சில் வா; மழை இருக்காது, ரோடு காய்ந்திருக்கும். விமான நிலையத்திலிருந்து நேரே மடுல்கெல்லவுக்குப் போவோம். நான் ஓட்டுகிறேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் காது கொடுத்துக் கேள். உன் சக்கரத்தை நீ இதுவரை ஒரு அறைக்குள் வைத்துத்தான் கேட்டிருக்கிறாய். மலையில் அது எப்படிப் பாடுகிறது என்று உனக்குத் தெரியாது.

அம்மா